காக்கையை விரட்டிய கதை: உத்திரமேரூரிலிருந்து சான்சிபார் வரை

காக்கா என்றதும் நம்மில் பாதிப் பேருக்குப் பாட்டி வடை சுட்ட கதை ஞாபகம் வரும். மீதிப் பேருக்கு 2002-ல் வந்த 'ரன்' படத்தில் விவேக் சாப்பிட்ட பிரியாணி ஞாபகம் வரும். சரித்திரப் பாடத்தில் மட்டும் காக்கைக்கு இடமே இல்லை. ராஜாக்கள் வளர்த்த யானை, குதிரை, புறாவுக்கெல்லாம் இடம் கொடுத்த புத்தகங்கள், தினமும் நம் வீட்டு மதில்மேல் வந்து உட்காரும் ஜீவனை விட்டுவிட்டன. ஆனால் தேடிப் பார்த்தால், காக்கையை வைத்து ஒரு பெரிய உலகச் சரித்திரமே இருக்கிறது. கப்பல், காபித் தோட்டம், வெள்ளைக்கார அதிகாரி, துப்பாக்கி, விஷம், கோர்ட் கேஸ் எல்லாம் அதில் வருகிறது. தொல்லை கொடுக்கும் காக்கையை மனிதர்கள் என்னென்ன செய்து பார்த்தார்கள், அதில் எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக் கொள்ளலாம். நாம் பார்க்கும் காக்கை இரண்டு வகை. உடம்பு முழுக்கக் கன்னங்கரேல் என்று, தடித்த அலகோடு, கரகரத்த குரலில் கத்துவது அண்டங்காக்கை. கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமாக, கொஞ்சம் ஒல்லியாக இருப்பது சாதாரணக் காக்கை. இதை வீட்டுக்காக்கை என்றும் சொல்வார்கள். அண்டங்காக்கை காட்டிலும் பிழைத்துக்கொள்ளும். வீட்டுக்காக்கை அப்படியில்லை. மனிதர் இல்லாத இடத்தில் அது வாழ்வதே இல்லை. நாம் இருக்கும் இடம்தான் அதற்கு ஊர், நாம் கொட்டுவதுதான் அதற்குச் சோறு. இந்தக் கட்டுரையின் கதாநாயகன் (சிலருக்கு வில்லன்) இந்த வீட்டுக்காக்கைதான்.

நம் ஊரில் காக்கையோடு உள்ள உறவு ரொம்ப விசித்திரமானது. காலையில் குளித்துவிட்டு, பொங்கிய சோற்றில் முதல் கவளத்தை எடுத்து, மதில்மேல் வைத்து, "கா... கா..." என்று கூப்பிடுகிறோம். அமாவாசை, திதி என்றால் காக்கை வந்து தொடாமல் வீட்டில் யாரும் சாப்பிட முடியாது. பிதுர்கள் காக்கை வடிவில் வருவதாக நம்பிக்கை. சனி பகவானுக்கு அதுதான் வாகனம். மாட்டுப்பொங்கல் அன்று சில வீடுகளில் கனுப்பிடி வைப்பதும் காக்கைக்குத்தான். அதே வீட்டில், அதே நாள் மத்தியானம், மொட்டைமாடியில் வடாம் காயப்போட்டதும் அதே காக்கையை "ச்சூ... ச்சூ..." என்று கம்பை எடுத்துக்கொண்டு விரட்டுகிறோம்! காலையில் தாத்தா, மத்தியானம் திருடன்.

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. சங்க காலத்தில் ஒரு பெண்பால் புலவருக்கு காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்றே பெயர். குறுந்தொகையில் 210-ஆவது பாட்டு இவருடையது. பிரிந்துபோன தலைவன் திரும்பி வருவதை முன்கூட்டியே கரைந்து சொன்ன காக்கைக்கு, நள்ளியின் காட்டுப் பசுக்களின் நெய்யும் தொண்டியில் விளைந்த நெல்லின் சோறும் ஏழு கலத்தில் வைத்துக் கொடுத்தாலும் அது குறைவுதான் என்று தோழி சொல்வதாகப் பாட்டு. காக்கையைப் பாடியதாலேயே பெயர் வாங்கிய புலவர் வேறு எந்த மொழியில் இருப்பார் என்று தெரியவில்லை! திருவள்ளுவரும் இரண்டு இடத்தில் காக்கையைப் பேசுகிறார். காலமறிதல் அதிகாரத்தில் பகலில் ஆந்தையை வெல்லும் காக்கை, சுற்றந்தழால் அதிகாரத்தில் கிடைத்ததை மறைக்காமல் இனத்தைக் கூப்பிட்டு உண்ணும் காக்கை. இரண்டுமே கண்ணால் பார்த்து எழுதியவை. காக்கை கூட்டம் சேர்க்கும், நேரம் பார்த்து அடிக்கும். இதே இரண்டு குணங்கள்தான் பின்னால் உலகம் முழுக்கத் துப்பாக்கிக்காரர்களைத் திண்டாட வைத்தன.

விரட்டுவதற்கு நம் கிராமங்களில் இருந்த வழிகளையும் சொல்ல வேண்டும். உத்திரமேரூர் பக்கத்து ஊர்களில் நெல்லும் வேர்க்கடலையும் முக்கியப் பயிர். நாற்றங்காலில் விதை தெளித்த நாளிலிருந்தும், கடலை விதைத்த நாளிலிருந்தும் காவல் போட வேண்டும். வைக்கோல் பொம்மைக்குப் பழைய சட்டை மாட்டி, சட்டிக்குச் சுண்ணாம்பில் கண் வரைந்து நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்தது. கவண், தகர டப்பா, பட்டாசு என்று அடுத்தடுத்து உண்டு. கேசட் காலம் முடிந்தபோது அதன் நாடாவை உருவி வயலின் குறுக்கே கட்டினார்கள். காற்றில் அது 'விர்ர்ர்' என்று சத்தம் போடும், வெயிலில் மினுக்கும். அப்புறம் பழைய சிடி வந்தது, அதையும் கயிற்றில் தொங்கவிட்டார்கள். (இளையராஜா பாட்டு காக்கையை விரட்டப் பயன்பட்டதைப் பார்த்துச் சிரிப்பதா அழுவதா!) வடாத்துக்குப் பக்கத்தில் கறுப்புக் குடையை விரித்து வைப்பதும், கறுப்புத் துணியைக் கட்டுவதும் வீட்டுப் பெண்களின் முறை. இவை எல்லாவற்றிலும் பலமானது செத்த காக்கையைக் கம்பத்தில் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது. ஒரு காக்கை செத்துக் கிடந்தால் மற்றவை மரத்தில் கூடிக் கத்தித் தீர்த்துவிட்டு, கொஞ்ச நாளைக்கு அந்த இடத்துப் பக்கமே வராது.

கவனித்துப் பார்த்தால் இந்த முறைகள் எதிலும் காக்கை இனத்தையே ஒழிக்கும் எண்ணம் கிடையாது. அறுவடை வரைக்கும் வராதே, வடாம் காயும் வரைக்கும் வராதே, அவ்வளவுதான். ஏர் ஓட்டும்போது பின்னாலேயே வந்து மண்ணில் புரளும் புழுவைப் பொறுக்குவதும் இதே காக்கை என்று விவசாயிக்குத் தெரியும். செத்த எலியைத் தூக்கிக்கொண்டு போவதும் அதுதான்.

உத்திரமேரூர் என்றதும் குடவோலைக் கல்வெட்டு ஞாபகம் வராமல் இருக்காது. பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பொறித்தது. ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் என்று ஊர் வேலையைப் பிரித்துக் கொடுத்தவர்கள் காக்கை வாரியம் ஒன்றும் வைக்கவில்லை. ஆனால் பறவைக்காக ஊரார் ஒன்றுகூடி அரசாங்கத்திடம் போய் நின்ற கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. அது நடந்தது வேடந்தாங்கலில். 2019 வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான், இப்போது செங்கல்பட்டு மாவட்டம்.

வேடந்தாங்கல் ஏரியில் சீசனுக்கு ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் ஏரித் தண்ணீரில் விழுந்து கரையும். அந்தத் தண்ணீர் பாயும் வயலுக்குத் தனியாக உரம் வேண்டாம் என்பது ஊர்க்காரர்களின் அனுபவம். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கம்பெனிச் சிப்பாய்கள் அங்கே வந்து பறவைகளைச் சுட்டார்கள். ஊர் மக்கள் சும்மா இருக்கவில்லை. செங்கல்பட்டுக் கலெக்டரிடம் போய் முறையிட்டு, இனி யாரும் சுடக்கூடாது என்று 'கவுல்' எழுதி வாங்கினார்கள். அந்தக் கலெக்டர் லயனல் பிளேஸ். 1794 முதல் 1798 வரை இந்தச் சீமையை நிர்வாகம் செய்தவர். மதுராந்தகம் ஏரி உடையப்போன ராத்திரியில் ராமரும் லட்சுமணரும் வில்லோடு கரையில் காவல் நின்றதைப் பார்த்ததாக ஏரி காத்த ராமர் கோயில் கதையில் வருகிறாரே, அவரேதான்! பிறகு 1858-ல் அந்த உரிமையை இன்னொரு கலெக்டர் புதுப்பித்துக் கொடுத்தார். 1936-ல் அரசாங்கமே சரணாலயமாக ஏற்றுக்கொண்டது.

இதில் எனக்குப் பிடித்தது ஒரு சின்ன விஷயம். அந்த ஏரியில் கூடு கட்டும் பறவைகளில் ஒன்றின் பெயர் நீர்க்காகம். அதுவும் கறுப்பு, அதுவும் கூட்டமாக இருக்கும், அதன் எச்சமும் நாறும். ஏரியில் இருந்தால் அதற்கு எழுத்து மூலமாகப் பாதுகாப்பு. பக்கத்து வயலில் அதே நிறத்தில் ஒரு பறவை வந்தால் அதற்குக் கவண் கல். அதோடு, ஏரியில் ஆள் நடமாட்டம் அதிகமாகி நாரைகள் கூட்டை விட்டு எழும்பினால், அந்த இடைவெளியில் முட்டையைத் தூக்கிக்கொண்டு போவதும் வீட்டுக்காக்கைதான். பறவையின் நிறமோ குணமோ தொல்லையைத் தீர்மானிப்பதில்லை. எந்த இடத்தில், யாருடைய எதைத் தின்கிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. இதை நம் ஊர்க்காரர்கள் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள்.

இனிக் கதை கடல் தாண்டுகிறது. சுடாதே என்று கவுல் எழுதிக் கொடுத்த பிளேஸ் போய் நூறு வருஷம் ஆன பிறகு, அதே பிரிட்டிஷ்காரர்கள் காக்கையைக் கப்பலேற்றி வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள்.

1890-களில் மலாயாவின் சிலாங்கூரில் காபித் தோட்டங்கள் இருந்தன. இலங்கையில் காபி நோய் வந்து அழிந்த பிறகு அங்கிருந்து போன துரைமார்கள் சிலரும் இங்கே தோட்டம் போட்டார்கள். வேலைக்குத் தமிழர்கள் கங்காணிகள் மூலம் வந்தார்கள். அங்கே காபி இலையைக் கம்பளிப்பூச்சி மொட்டையடித்தது. புழுவைத் தின்ன ஒரு பறவை வேண்டும் என்று தேடியவர்களுக்கு இலங்கைக் காக்கை ஞாபகம் வந்திருக்கிறது. அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுவந்து கிள்ளானில் விட்டார்கள். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் இருப்பது ஒரே உள்ளினம். அதாவது நம் மதில்மேல் உட்காரும் அதே காக்கை.

கொஞ்ச வருஷத்தில் காபி விலை விழுந்தது, தோட்டங்கள் ரப்பருக்கு மாறின. காக்கைக்கு ரப்பர் மரத்தில் வேலை இல்லை. அது டவுனுக்கு வந்துவிட்டது. கிள்ளான் ஆறு, துறைமுகம், மீன் மார்க்கெட், குப்பை. வேறென்ன வேண்டும்? தோட்டத்துக்கு என்று கப்பலில் வந்தவர்கள் இரண்டு கூட்டம், தமிழர்களும் காக்கைகளும். தோட்டம் மாறிய பிறகும் இரண்டு கூட்டமும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டன. இதை எழுதும்போது கொஞ்சம் மனது கஷ்டப்படுகிறது, ஏனென்றால் வந்தேறி என்ற வசவு இரண்டு பேருக்கும் கிடைத்திருக்கிறது.

கிழக்கு ஆப்பிரிக்காவில் சான்சிபார் தீவில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே ஊர்க் குப்பை பெருகி நாற்றம் தாங்கவில்லை. 1890-களில் இந்தியாவிலிருந்து வீட்டுக்காக்கையைக் கொண்டுவந்து விட்டார்கள். சம்பளமில்லாத துப்புரவுத் தொழிலாளி என்று நினைத்தார்கள் போலும். காக்கை குப்பையைத் தின்றது உண்மை. குப்பையோடு நிற்கவில்லை. கோழிக்குஞ்சு, சிறு பறவைகளின் முட்டை, குஞ்சு, பழம், தானியம் என்று எல்லாவற்றையும் தின்றது. அந்தத் தீவின் பறவைகளுக்கு இப்படி ஒரு திருடனைப் பார்த்துப் பழக்கமே இல்லை. நம் ஊரிலாவது காக்கையின் கூட்டில் முட்டையிட்டு ஏமாற்றக் குயில் இருக்கிறது. அங்கே அந்தக் குயிலும் இல்லை. கொண்டுவந்து ஒரு தலைமுறை ஆவதற்குள், 1917-ல், அதே அரசாங்கம் காக்கையைத் தொல்லைப் பிராணி என்று அறிவித்து, முட்டைக்கும் குஞ்சுக்கும் பரிசு கொடுத்தது. காக்கையோ கவலைப்படவில்லை. தீவிலிருந்து ஆப்பிரிக்கக் கரைக்குத் தாவியது. 1947-ல் கென்யாவின் மொம்பாசாவுக்கு வந்து சேர்ந்தது. கப்பல் மேல்தளத்தில் உட்கார்ந்து, மாலுமிகள் போடுவதைத் தின்றுகொண்டே, டிக்கெட் இல்லாமல் துறைமுகம் துறைமுகமாகப் போகும் பழக்கமும் அதற்கு உண்டு. 1970-களில் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் பிறகு கேப்டவுனிலும் குடியேறியது. 1994-ல் நெதர்லாந்தின் ஹூக் ஃபான் ஹாலந்து துறைமுகத்தில் இரண்டே இரண்டு காக்கைகள் வந்து இறங்கின. 1997-ல் அந்தக் குளிரிலும் குஞ்சு பொரித்தன! சில பத்துக் காக்கைகளாகப் பெருகியதற்கே அங்கே சுடுவதா வேண்டாமா என்று கோர்ட் வரை போய், கடைசியில் சுட்டார்கள். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் வெளியிட்ட, உள்ளே விடக்கூடாத அந்நிய உயிரினங்களின் முதல் பட்டியலிலேயே நம் வீட்டுக்காக்கைக்கு இடம் கிடைத்தது.

இப்போது துப்பாக்கிக் கதைக்கு வருவோம். இதில் சிங்கப்பூர் முக்கியமானது, ஏனென்றால் அவர்கள் கணக்கு வைத்துச் செய்தார்கள். 1940-களில் அங்கே வந்த காக்கை, நகரம் வளர வளரத் தானும் வளர்ந்தது. 1973 முதல் துப்பாக்கிக் கிளப் உறுப்பினர்களை வைத்துச் சுட ஆரம்பித்தார்கள். முப்பது வருஷம் சுட்டும், 2000-களின் தொடக்கத்தில் எடுத்த மதிப்பீட்டில் லட்சத்துக்கு மேல் காக்கைகள் இருந்தன. பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். சுட்டே குறைக்க வேண்டுமென்றால் வருஷத்துக்குப் பல்லாயிரக்கணக்கில் விடாமல் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும், கூடவே தின்பதற்குக் கிடைப்பதையும் கூடு கட்டும் இடத்தையும் குறைக்க வேண்டும் என்பதுதான் விடை.

ஏன் சுட்டால் மட்டும் குறைவதில்லை? நூறு காக்கைக்குச் சோறு போடும் குப்பைமேடு ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் முப்பதைச் சுட்டால், மீதி எழுபதுக்குச் சாப்பாடு தாராளமாகிவிடும். குஞ்சுகள் அதிகம் பிழைக்கும். பக்கத்து ஊர்க் காக்கைகளும் வந்து சேரும். ஒரே வருஷத்தில் மறுபடி நூறு. குப்பைமேட்டை மூடினால் சுடாமலே எழுபது வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

இன்னொரு காரணம் காக்கையின் ஞாபகசக்தி. அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மார்ஸ்லஃப் 2006-ல் ஒரு சோதனை செய்தார். ஆதிமனிதன் முகமூடி போட்டுக்கொண்டு சில காக்கைகளைப் பிடித்து, காலில் வளையம் போட்டு விட்டார்கள். அதன் பிறகு யார் அந்த முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தாலும் காக்கைகள் கூடிக் கத்தித் துரத்தின. வருஷக்கணக்கில் மறக்கவில்லை. பிடிபடாத காக்கைகளும், பின்னால் பிறந்த குஞ்சுகளும்கூட அந்த முகத்தைக் கற்றுக்கொண்டன. (ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு முகமூடியும் வைத்திருந்தார்கள். அது அன்றைய அமெரிக்கத் துணை ஜனாதிபதி டிக் செனியின் முகம். அவரைக் காக்கைகள் கண்டுகொள்ளவில்லை!) அது அமெரிக்கக் காக்கை, நம்முடையது வேறு இனம். ஆனால் காக்கைக் கூட்டைக் கலைத்துவிட்டு ஒரு வாரம் தெருவில் கொத்து வாங்கியவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பார்கள். துப்பாக்கி வண்டியை அடையாளம் கண்டு பறந்துவிடும் பறவையை எத்தனை நாள் சுட முடியும்?

துப்பாக்கி போதாது என்றதும் விஷம் வந்தது. ஸ்டார்லிசைட் என்று ஒரு மருந்து. அமெரிக்காவில் 1890-91-ல் நியூயார்க் பூங்காவில் யாரோ ஆசைப்பட்டு நூறு ஐரோப்பிய ஸ்டார்லிங் பறவைகளைப் பறக்கவிட, அது கோடிக்கணக்கில் பெருகி மாட்டுத் தீவனத்தைத் தின்ன ஆரம்பித்தது. அதையும் அங்குள்ள மற்ற கறுப்புப் பறவைகளையும் கொல்ல 1960-களில் கண்டுபிடித்த விஷம் இது. ஸ்டார்லிங்குக்குச் செய்ததை ஆப்பிரிக்காவில் நம் காக்கைக்கு வைத்தார்கள். சான்சிபாரில் 1990-களில் ஃபின்லாந்து அரசின் உதவியோடு கூண்டு வைத்துப் பல்லாயிரம் காக்கைகளைப் பிடித்தார்கள். ஊரில் காக்கை நன்றாகவே குறைந்தது. பணம் நின்றது, திட்டம் நின்றது, காக்கை திரும்பி வந்துவிட்டது. கென்யாவிலும் விஷம் வைத்துக் குறைத்து, நிறுத்தி, மறுபடி பெருகி, கடைசியில் 2024 ஜூனில் கென்ய வனவிலங்குத் துறை ஒரு அறிவிப்பு செய்தது. அந்த வருஷக் கடைசிக்குள் பத்து லட்சம் காக்கைகளைக் கொல்வது இலக்கு என்று! 130 வருஷத்துக்கு முன் குப்பை அள்ளக் கூட்டிவந்த பறவைக்கு.

சிங்கப்பூரில் மட்டும் எண்ணிக்கை உண்மையிலேயே இறங்கியது. 2010-களின் நடுவில் பத்தாயிரம் அளவுக்கு வந்துவிட்டதாகக் கணக்கு. சுட்டது ஒரு பங்கு. ஆனால் கூடவே மூடியுள்ள குப்பைத் தொட்டி வைத்தார்கள், உணவுக் கடைகளில் எச்சில் தட்டுகளை உடனே எடுக்கச் செய்தார்கள், கூடு கட்டும் மரங்களின் கிளைகளைக் கழித்தார்கள். 2020-ல் சுடுவதை நிறுத்தினார்கள். 2023 பிப்ரவரியில் பீஷான் பகுதியில் நடந்து போகிறவர்களைக் காக்கை கொத்துகிறது என்று செய்தி வந்தபோது துப்பாக்கி எடுக்கவில்லை. கூட்டை எடுத்து, கூண்டு வைத்துப் பிடித்தார்கள்.

ஆனால் 2020 முதல் சிங்கப்பூரில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. காட்டு உயிர்களுக்குத் தெரிந்தே உணவு போட்டால், முதல் தடவைக்கே ஐயாயிரம் வெள்ளி வரை அபராதம். யோசித்துப் பாருங்கள். அங்கே இருக்கும் ஒரு தமிழ் அம்மா அமாவாசையன்று சன்னலுக்கு வெளியே ஒரு பிடி சோறு வைத்தால் சட்டப்படி குற்றம். சட்டத்தை நான் குறை சொல்லவில்லை, காக்கை பெருகுவதற்கு உணவுதான் மூலம் என்று மேலேயே பார்த்தோம். ஆனால் ஒரு பிடி சோறும் ஒரு லாரிக் குப்பையும் ஒன்றா? காக்கையைப் பெருக்கியது இரண்டாவதுதான் என்பது என் கட்சி.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஐந்தாவது அட்டவணை என்று ஒன்று இருந்தது. பாதுகாப்பு இல்லாத, யாரும் கொல்லலாம் என்ற பிராணிகளின் பட்டியல். சுண்டெலி, எலி, பழம் தின்னும் வௌவாலோடு காக்கையும் அதில் இருந்தது. சனி பகவானின் வாகனம் ஐம்பது வருஷம் எலியோடு ஒரே வரிசையில்! (எலி பிள்ளையாரின் வாகனம், அதனால் துணை மோசமில்லை.) இத்தனைக்கும் அந்த ஐம்பது வருஷத்தில் இங்கே யாரும் காக்கையைச் சுட்டு ஒழிக்கப் புறப்படவில்லை. 2022-ல் சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1 முதல் அந்த அட்டவணையையே எடுத்துவிட்டார்கள். இனி ஒரு பிராணியை அப்படி அறிவிக்க வேண்டுமென்றால் மத்திய அரசு தனியாக, இந்த இடத்துக்கு, இவ்வளவு காலத்துக்கு என்று அறிவிக்க வேண்டும். ஆகவே தொல்லை தாங்கவில்லை என்று யாராவது கோழிக்கறியில் குருணை மருந்தைக் கலந்து வைத்தால் அது வெறும் கோபமில்லை, சட்டச் சிக்கல். அதைத் தின்று நாயும் பூனையும் சாகும் என்பது வேறு.

நம் பக்கத்துக்கு வருவோம். காக்கைத் தொல்லை அதிகம் எங்கே என்று எந்தச் சிறிய டவுனிலும் பார்த்தாலே தெரியும். கோழிக்கறிக் கடைகளின் பின்புறம், மீன் விற்கும் இடம், கல்யாண மண்டபத்தின் எச்சில் இலை விழும் இடம், குப்பையைக் கொட்டி எரிக்கும் ஏரிக்கரை. சாயங்காலம் கூட்டமாக வந்து அடையும் பெரிய மரங்கள் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கும். பஸ் ஸ்டாண்டில் அந்த மரத்தடியில் நின்றால் வெள்ளைச் சட்டைக்கு உத்தரவாதம் கிடையாது. மரத்தை வெட்டினால் அடுத்த மரத்துக்குப் போகும். கோழிக் கழிவை மூடிய டிரம்மில் போட்டுத் தினமும் எடுத்தால், அடுத்த மரத்துக்குக்கூடப் போகாது.

தலையில் கொத்தும் காக்கை வேறு கேஸ். அது கூடு கட்டும் பருவத்தில், குஞ்சு கூட்டிலிருந்து இறங்கிப் பறக்கப் பழகும் சில வாரங்கள் மட்டும் நடப்பது. கீழே உட்கார்ந்திருக்கும் குஞ்சை நாம் எடுக்க வந்ததாகத் தாய்க் காக்கைக்குத் தோன்றுகிறது. அந்தக் குஞ்சைத் தொடாமல், முடிந்தால் வேறு வழியாகப் போய்விடலாம். முடியாவிட்டால் ஒரு குடை போதும். பறந்து பழகியதும் தானாக நின்றுவிடும். ஒன்றுதான் அலட்சியம் செய்யக்கூடாதது. ஒரே இடத்தில் பல காக்கைகள் திடீரென்று செத்து விழுந்தால், 2020 கடைசியில் ராஜஸ்தானின் ஜாலாவாரில் நடந்ததுபோல அது பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். கையால் தொடாமல் கால்நடை மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும். ஜாலாவாரில் அந்த நோயை முதலில் காட்டிக் கொடுத்தவை காக்கைகள்தான், கோழிப் பண்ணைகள் இல்லை. அதனால் வயலில் தொங்கவிடச் செத்த காக்கை தேடுகிறவர்களும் அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டு, பழைய சிடியோடு நிறுத்திக்கொள்வது நல்லது.